சைடு மிரர்: 10 நிமிட வேலையா அது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் வாகனப் பக்கத்தில், காரின் சைடு மிரரை வீட்டிலேயே கழற்றி மாட்டிவிடலாம், 10 நிமிடம் போதும் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. படங்கள் பளிச்சென்று இருந்தன. படத்தில் இருந்த கைகளில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை, நகத்தில் ஒரு கீறல் இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

நான் தையல் வேலை செய்கிறவள். மெக்கானிக் இல்லை. ஆனால் போன ஒன்றரை வருடத்தில் என் காரின் இரண்டு பக்க மிரர்களிலும் கை வைத்தாகிவிட்டது. முதல் தடவை எனக்கு ஆன நேரம் 2 மணி 10 நிமிடம். உங்கள் கட்டுரையாளர் அந்த 2 மணி நேரத்தை எங்கே தொலைத்தார் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். வீட்டில் செய்யாதீர்கள் என்று பயமுறுத்த வரவில்லை. தாராளமாகச் செய்யலாம். என்ன, கட்டுரை எந்த இடத்தில் முடிந்ததோ அந்த இடத்தில்தான் பாதி வேலை ஆரம்பிக்கிறது.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். நிறுத்தி வைத்திருந்த காரில் யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிள் கைப்பிடி இடித்து, ஓட்டுநர் பக்கத்து மிரரில் கண்ணாடி சிலந்தி வலை மாதிரி விரிந்துவிட்டது. ஒரு பட்டறைக்குக் கொண்டு போனேன். "கண்ணாடி மட்டும் தனியா கிடைக்காதும்மா, செட்டாத்தான் வரும்" என்றார்கள். சரி என்று முழு மிரரையும் மாற்றச் சொன்னேன். நல்லவேளையாக, பழையதை ஒரு பையில் போட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வெட்டிய துண்டுத் துணியைக்கூட வாடிக்கையாளரிடம் திருப்பிக் கொடுத்தே பழகிவிட்டதால் வந்த புத்தி அது.

புது மிரர் மாட்டியபின் 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் காதருகே ஒரு விசில். முதலில் ரேடியோ என்று நினைத்தேன். ரேடியோவை அணைத்தும் விசில் நிற்கவில்லை. பிறகு ஒரு மழை நாளில் கதவின் உள்பக்கம் நீர்க்கோடு ஒன்று இறங்கியிருந்தது. பட்டறையில் கேட்டேன். "புது மிரர் அப்படித்தான் இருக்கும்மா, போகப் போகப் பழகிடும்" என்றார்கள். காதுக்கு வேண்டுமானால் பழகலாம், தண்ணீருக்கு எப்படிப் பழகும்?

வீட்டுக்கு வந்து பையிலிருந்த பழைய மிரரை மேசையில் போட்டுப் பிரித்தேன். புதுத் துணியில் கை வைக்கும் முன் கழிவுத் துணியில் ஒரு தையல் போட்டுப் பார்ப்பது போலத்தான். யாராவது இந்த வேலையில் இறங்குவதாக இருந்தால், முடிந்தால் இப்படி ஒரு உடைந்த மிரரில் கை பழகிவிட்டு இறங்குங்கள். அது ஒரே பொருள் இல்லை என்பது அப்போதுதான் தெரியும். முகத்தில் கண்ணாடி. அதன் முதுகில் பிளாஸ்டிக் தட்டு. தட்டு போய் மாட்டிக்கொள்ளும் இடத்தில், கண்ணாடியை மேலும் கீழும் பக்கவாட்டிலும் சாய்க்கிற மோட்டார். இவை எல்லாவற்றையும் தாங்குகிற கூடு, கூட்டுக்கு மேலே வண்ணம் அடித்த மூடி, சிலவற்றில் அந்த மூடியிலேயே இண்டிகேட்டர் விளக்கு. அடியில் கதவோடு சேரும் கால். என் பழைய மிரரில் உடைந்திருந்தது முகக் கண்ணாடி ஒன்றுதான். மற்ற எல்லாம் பொத்தான் அறுந்த சட்டை மாதிரி நன்றாகவே இருந்தன.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மிரர் இடிபட்டால் முன்னாலும் பின்னாலும் மடங்கிக்கொடுக்கும்படிதான் செய்திருக்கிறார்கள். முன்பக்கமாக மடங்கிக் கிடந்தால் உடைந்துவிட்டது என்று பதற வேண்டியதில்லை. கையால் மெதுவாகத் திருப்பினாலே பல சமயம் "டொக்" என்று தன் இடத்தில் உட்கார்ந்துவிடும்.

இனி விசிலடித்த புது மிரரைக் காரிலிருந்து கழற்றிய கதை. கதவுக் கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றினேன். சாவியை எடுத்தேன். பேட்டரியில் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டேன். இதைக் கட்டுரை சொல்லவே இல்லை. சில கார்களில் பக்கவாட்டு மோதலை உணரும் கருவி கதவுக்குள்ளேயே இருக்கும். மின்சாரம் ஓடும்போது அங்கே வயர்களை இணைக்கும் கப்ளர்களைப் பிடுங்கி விளையாடக் கூடாது. பேட்டரியைக் கழற்றினால் கடிகாரம் பழையபடி ஆரம்பத்துக்குப் போய்விடும், சில கார்களில் ஒரே அழுத்தில் ஏறும் கதவுக் கண்ணாடிக்கு அந்த வித்தையைத் திரும்பச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். போகட்டும், அவ்வளவுதானே.

கதவின் முன் மூலையில், உள்பக்கம், முக்கோணமாக ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். மிரரின் நட்டுகள் அதற்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கின்றன. கட்டுரையில் "மூடியை மெதுவாக நெம்பி எடுக்கவும்" என்று ஒரே வரி. எந்தப் பக்கத்திலிருந்து நெம்புவது? நான் கீழ்ப்பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்கேலைச் செருகி நெம்பினேன். "டிக்" என்று ஒரு சத்தம். உள்ளே இருந்த மகள், "அம்மா, உடைச்சிட்டியா?" என்று கத்தினாள். உடைத்துத்தான் விட்டேன்.

எடுத்துப் பார்த்தபின் புரிந்தது. மூடியின் மேல் பாதியில்தான் அழுத்தி மாட்டும் கிளிப்புகள். கீழே இருப்பது கிளிப் இல்லை, ஒரு நாக்கு. அது கதவில் இருக்கும் பிளவுக்குள் செருகி நிற்கும். மேல் பக்கத்தை நம் பக்கமாக இழுத்து, பிறகு மொத்த மூடியையும் மேலே தூக்கினால் நாக்கு தானாக வெளியே வரும். நான் நாக்கைப் பிடித்து இழுத்ததில் மேலே ஒரு கிளிப் ஒடிந்திருக்கிறது. எல்லாக் காரிலும் இதே அமைப்பு என்று சொல்ல மாட்டேன். சிலவற்றில் அந்த மூடியில் சின்ன ஸ்பீக்கர் இருக்கும், கையால் திருப்பும் பழைய மிரர்களில் அதன் குமிழே அங்கேதான் இருக்கும். அதனால் ஓர் ஓரத்தை விரலளவு திறந்ததும் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சத்தத்தையும் கவனியுங்கள். கிளிப் கழன்றால் "டப்" என்று மந்தமாகக் கேட்கும். ஒடிந்தால் "டிக்" என்று ஊசி ஒடிகிற சத்தம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு தடவை கேட்டால் மறக்காது.

மூடிக்குப் பின்னால் மூன்று நட்டுகள், 10 எண் பாக்ஸ் ஸ்பேனருக்குச் சரியாக இருந்தன. என் காரில் கப்ளரும் அங்கேயே கைக்கெட்டியது. சில கார்களில் அது கதவின் அடிவயிற்றில் இருக்கும், அதற்காகக் கதவின் உள் பலகை முழுவதையும் கழற்ற வேண்டிவரும். உங்கள் கார் அந்த வகையா என்பதை ஆரம்பிக்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. பாதியில் தெரிந்தால் அன்றைய பொழுது போச்சு. கப்ளரைக் கழற்றும்போது பூட்டு நாக்கை அமுக்கி, பிளாஸ்டிக் உடம்பைப் பிடித்து இழுக்க வேண்டும். வயரைப் பிடித்து இழுத்தால் வயர் மட்டும் கையோடு வரும்.

இரண்டு நட்டுகளைக் கழற்றி எடுத்தேன். மூன்றாவது ஸ்பேனரிலிருந்து நழுவி, மூடிக்குப் பின்னால் இருந்த ஓட்டை வழியாகக் கதவுக்குள் விழுந்தது. உள்ளே போய் "டிங்" என்று உட்கார்ந்த சத்தம்கூடக் கேட்டது. ஊசி பொறுக்குகிற காந்தம் தையல் மேசையில் எப்போதும் இருக்கும். அதை நூலில் கட்டி ஓட்டைக்குள் இறக்கினேன். காந்தம் நட்டைத் தேடிப் போகாமல் கதவுத் தகட்டில் போய் ஒட்டிக்கொண்டது. அவிழ்ப்பேன், இறக்குவேன், மறுபடி ஒட்டும். இப்படியே 40 நிமிடம். கடைசியில் காந்தத்தைச் சுற்றி இரண்டு மடிப்புத் துணி கட்டியபின்தான், தகட்டின் பிடி தளர்ந்து, அடிவரை இறங்கி, நட்டோடு மேலே வந்தது. ஸ்பேனரை வைக்கும் முன் ஒரு கந்தல் துணியை ஓட்டைக்குள் அடைத்திருந்தால் அந்த 40 நிமிடமும் மிச்சம். துணி வேலை செய்கிற எனக்கே அது தோன்றவில்லை. உங்கள் கட்டுரையில் அந்த ஒரு வாக்கியம் இருந்திருக்கலாம்.

கடைசி நட்டைக் கழற்றும்போது வெளியே மிரரை ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பதும் முக்கியம். இல்லாவிட்டால் அது வயரில் தொங்கும், அல்லது கதவு வண்ணத்தில் கோடு இழுக்கும். மகள் பிடித்துக்கொண்டாள்.

மிரர் கையில் வந்ததும் விசிலின் ரகசியம் வெளிப்பட்டது. மிரரின் காலுக்கும் கதவுக்கும் நடுவே மெத்தென்று ஒரு ஃபோம் பட்டை இருக்கிறது. காற்றையும் தண்ணீரையும் உள்ளே விடாமல் தடுப்பது அதுதான். அதன் கீழ் மூலை உள்பக்கமாக மடிந்து, மடிப்போடு நசுங்கிக் கிடந்தது. காலருக்குள் கேன்வாஸ் மடிந்து போனால் எப்படி ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் சப்பையாக இருக்கும், அப்படியே. மடிந்த இடத்தில் இரட்டைத் தடிமன், அதை ஒட்டி ஒரு சின்ன இடைவெளி. காற்று விசிலடித்ததும் மழை உள்ளே வந்ததும் அந்த வழியாகத்தான். மாட்டியவர் அரை நிமிடம் விரலால் தடவிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

நசுங்கிய பட்டையை நீவிப் பார்த்தேன், மடிப்புத் தடம் போகவில்லை. பழைய மிரரில் இருந்த பட்டை முழுசாக இருந்தது. அதை உரித்து இதில் வைத்தேன். பிறகு மூன்று நட்டுகளையும் கையாலேயே பாதிவரை திருகிவிட்டு, வெளியே போய்ப் பட்டையைச் சுற்றிலும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி இறுக்கினேன். முதலில் ஓட்டுத் தையல், பிறகுதான் மெஷின். ஒரே நட்டை முதலிலேயே முழுக்க இறுக்கினால் மிரர் ஒரு பக்கம் சாய்ந்து பட்டையை மறுபடி கிள்ளிவிடும். பலத்தைக் காட்டி இறுக்கவும் வேண்டாம், திருகாணியின் மரை போய்விட்டால் மிரரையே மாற்ற வேண்டிவரும்.

மூடியை மாட்டும் முன் பேட்டரியை இணைத்து, மேல், கீழ், உள்ளே, வெளியே, மடக்கு, இண்டிகேட்டர் எல்லாவற்றையும் ஒரு தடவை சோதித்தேன். மூடியை மாட்டிவிட்டுச் சோதிப்பவர்களுக்கு இன்னொரு கிளிப் செலவு. அன்று மாலை 80 கிலோமீட்டரில் போனேன். சத்தமில்லை.

இரண்டாவது சம்பவம் பயணி பக்கத்தில், எட்டு மாதம் கழித்து. இந்த முறை குற்றவாளி நானே, கேட் தூணில் உரசிவிட்டேன். கண்ணாடி விரிசல். கண்ணாடி தனியாகக் கிடைக்காது என்று சொன்னார்களே, உதிரிபாகக் கடையில் கேட்டால் முதுகுத் தட்டோடு சேர்ந்து தனியாகவே கிடைத்தது! கேட்கும்போது நான்கு விஷயம் சொல்ல வேண்டும்: கார் மாடல், எந்த வருடம், எந்தப் பக்கம், சூடேற்றும் வசதி உண்டா இல்லையா. பழைய கண்ணாடிக்கு மேலேயே ஒட்டிக்கொள்ளும் வெறும் கண்ணாடியும் விற்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. கிழிசலுக்கு மேல் ஒட்டுப்போடுகிற வேலை அது. கனம் கூடி வண்டி ஓடும்போது நடுங்கும், சூடேற்றும் வசதி இருந்தால் அந்தச் சூடும் சரியாக வந்து சேராது.

கண்ணாடியைக் கழற்றுவதுதான் உண்மையிலேயே 10 நிமிட வேலை, அதை ஒத்துக்கொள்கிறேன். கையுறை போட்டு, விரிசல் மேல் அகலமான டேப்பைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டிவிட வேண்டும், சில்லு சிதறாது. சுவிட்சை அழுத்திக் கண்ணாடியின் ஒரு விளிம்பு முழுக்க உள்ளே போகும்படி சாய்த்தால், எதிர் விளிம்பு வெளியே தள்ளி நிற்கும். அந்த இடைவெளியில் விரலோ பிளாஸ்டிக் ஸ்கேலோ விட்டு, பின்தட்டைப் பிடித்துச் சீராக இழுத்தால் கிளிப்புகள் ஒவ்வொன்றாக விடும். குளிரில் பிளாஸ்டிக் விறைத்திருக்கும், தலை உலர்த்தும் டிரையரால் கொஞ்சம் சூடு காட்டினால் இணங்கும். சில பழைய மாடல்களில் கிளிப்புக்குப் பதில் பின்னால் ஒரு பூட்டு வளையம் இருக்கும், அதைத் திருப்பாமல் இழுத்தால் மோட்டாரோடு பிய்ந்துவரும். சூடேற்றும் கண்ணாடி என்றால் முதுகில் இரண்டு வயர்கள், அவற்றின் தலையைப் பிடித்துக் கழற்ற வேண்டும்.

மாட்டும்போது பின்தட்டின் நடுவை மோட்டாரின் நடுவோடு பொருத்தி, மேலே துணியை வைத்து, உள்ளங்கை முழுவதையும் பரப்பி நடுவில் அழுத்த வேண்டும். கட்டைவிரலால் ஓரத்தில் அழுத்தினால் புதுக் கண்ணாடியும் விரியும். கேட்க வேண்டிய சத்தம் "டப்".

ஆனால் மாட்டும் முன் புதுக் கண்ணாடி சரியான வளைவுதானா என்று பாருங்கள். பயணி பக்கத்துக் கண்ணாடி பொதுவாகக் குவி கண்ணாடி, அதாவது நடுவில் வெளியே புடைத்தது. நிறையப் பரப்பைக் காட்டும், பதிலுக்கு எல்லாவற்றையும் சின்னதாக்கி, தூரத்தில் இருப்பது போல ஏமாற்றும். "கண்ணாடியில் தெரிபவை தோன்றுவதைவிட அருகில் உள்ளன" என்று சிலவற்றில் எழுதியிருப்பது இதனால்தான். எவ்வளவு வளைக்கலாம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது, வளைவு ஆரம் என்பார்கள், அது குறையக் குறைய வளைவு கூடும். அமெரிக்க விதிப்படி அந்தப் பக்கத்துக் குவி கண்ணாடியின் வளைவு ஆரம் 889 மில்லிமீட்டருக்கும் 1651 மில்லிமீட்டருக்கும் நடுவே இருக்க வேண்டும். பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. விதி 46, கார்களின் வெளிக் கண்ணாடிக்கு 1200 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. இதை வீட்டில் அளக்க என் ஸ்டீல் ஸ்கேல் போதும். கண்ணாடியின் நடுவில் ஸ்கேலைப் படுக்க வைத்தால், 16 சென்டிமீட்டர் அகலமும் 1200 மில்லிமீட்டர் ஆரமும் உள்ள கண்ணாடியில், இரு முனையிலும் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளி தெரியும். ஸ்கேல் ஒட்டிப் படுத்துவிட்டால் அது தட்டைக் கண்ணாடி. பழையதற்கும் புதியதற்கும் இந்த இடைவெளி வேறுபட்டால் கடையில் திருப்பிக் கொடுங்கள். பழகிய கண் தூரத்தைத் தப்பாகக் கணக்குப் போடும்.

இனி கட்டுரை தொடாத விஷயம். மிரரைக் கழற்றி மாட்டினால் பழைய கோணம் போய்விடும். "பிறகு சரிசெய்துகொள்ளவும்" என்று எழுதி முடித்துவிட்டார். எப்படிச் சரிசெய்வது? என்னைப் போல நிறையப் பேர் கண்ணாடியில் கால்வாசிக்குச் சொந்தக் காரின் பக்கவாட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டுகிறோம். நம் கதவு எங்கும் ஓடிப் போகாது, அதை எதற்குப் பார்ப்பது? 1995இல் ஜார்ஜ் பிளாட்சர் என்ற பொறியாளர் அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்துக்கு எழுதிய ஆய்வில் சொன்ன முறை இது: தலையைச் சாய்த்து ஓட்டுநர் பக்கக் கதவுக் கண்ணாடியை ஒட்டி வைத்துக்கொண்டு, அந்தப் பக்க மிரரில் சொந்தக் காரின் ஓரம் மட்டும் மயிரிழையாகத் தெரியும்வரை வெளியே திருப்ப வேண்டும். அடுத்து, காரின் நடுப்பகுதிக்குத் தலையைச் சாய்த்துப் பயணி பக்க மிரரை அதே போல வைக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்தால் சொந்தக் கார் எதிலும் தெரியாது. முதல் இரண்டு நாள் மிரரே இல்லாத மாதிரி ஒரு பதற்றம் வரும், எனக்கு வந்தது. பிறகு பார்த்தால், உள்ளே இருக்கும் கண்ணாடியை விட்டு நழுவுகிற வண்டி சைடு மிரரில் வந்து நிற்கிறது, அதையும் விட்டு நழுவும்போது கண்ணின் ஓரத்தில் நேரிலேயே தெரிகிறது. தோளைத் திருப்பி ஒரு பார்வை பார்ப்பதை மட்டும் இதற்காக விட்டுவிட வேண்டாம்.

1909இல் டோரதி லெவிட் என்ற ஆங்கிலேய கார்ப் பந்தய வீராங்கனை, வண்டி ஓட்டும் பெண்கள் ஒரு கைக்கண்ணாடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவ்வப்போது தூக்கிப் பிடித்துப் பின்னால் பாருங்கள் என்று எழுதினார். கையில் பிடித்த கண்ணாடியை ஒவ்வொரு தடவையும் வேண்டிய பக்கம் திருப்பிக்கொள்ளலாம். நம்முடையதைத் தப்பாக வைத்தால், நாமாக மாற்றும்வரை தப்பாகவே நிற்கும்.

மிரருக்கு அடியில் கேமரா பொருத்திய கார் வைத்திருப்பவர்கள், கண்ணாடியையோ மேல் மூடியையோ மட்டும் வீட்டில் மாற்றிக்கொள்ளட்டும். முழு மிரரையும் கழற்றினால் கேமராவின் பார்வையைத் திரும்ப அளவெடுத்துச் சரிசெய்ய வேண்டிவரலாம், அதற்குக் கருவி உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும்.

கட்டுரைக்குத் திருத்தம் வெளியிடுவீர்களானால், 10 நிமிடம் என்பதை "கண்ணாடி மட்டும் என்றால்" என்று மாற்றுங்கள். ஓட்டைக்குள் துணி அடைக்கச் சொல்லுங்கள். அந்த முக்கோண மூடியின் பின்பக்கத்தைப் படமெடுத்துப் போடுங்கள், எது கிளிப், எது நாக்கு என்று தெரியட்டும். படத்துக்கு வேண்டுமானால் என் மூடியைக் கழற்றித் தருகிறேன். ஒரு கிளிப் இல்லாததால் இப்போது சுலபமாகவே வருகிறது.

இப்படிக்கு,
தையல் மேசையிலிருந்து ஒரு வாசகி